கணினி வாசித்த பின்னணிக்குக் காது கொடுத்தல்: ஒரு மிக்ஸிங் நிகழ்வு ஆய்வு

மெல்லிசைப் பாடல் ஒன்றின் பின்னணி இசை மிக்ஸிங்குக்காக, அதாவது குரலையும் வாத்தியங்களையும் சமன்படுத்திச் சேர்ப்பதற்காக, வந்தது. நிமிடத்துக்கு 84 தட்டு வேகம், ஈ மைனர், நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நீளம். மெட்டுப் போட்டவரே பாடகியும். பாடலின் கார்டுகளை (ஒருசேர ஒலிக்கும் ஸ்வரக் கூட்டங்களை) வரிசையாகத் தட்டச்சு செய்து, ஒரு பாணியைத் தேர்ந்தெடுத்து, துணையிசையை உருவாக்கும் பொறுப்பை மென்பொருளிடம் விட்டிருந்தார். டிரம்ஸ், பேஸ் கிட்டார், அக்கூஸ்டிக் கிட்டார், பியானோ, ஸ்ட்ரிங்ஸ் என்று ஐந்து வாத்தியங்கள். அவர் சொன்ன குறை இதுதான்: "குரலை ஏற்றினால் வாத்தியங்கள் எங்கோ போய்விடுகின்றன, அண்ணா. இறக்கினால் குரல் மூழ்கிவிடுகிறது. இரண்டும் ஒரே பாட்டில் இருப்பதுபோலவே இல்லை."

இப்படிப்பட்ட பின்னணிகள் சப்பென்று ஒலித்தால், வாத்திய ஒலிகள் மட்டமானவை என்றே பெரும்பாலோர் முடிவுகட்டுகிறார்கள். புதிய ஒலித் தொகுப்புகளை வாங்கச் சொல்லும் அறிவுரையும் உடனே வந்துவிடும். நான் இதை ஏற்கவில்லை. இந்தப் பாடலில் கிட்டார் ஒலி அருமையாக இருந்தது, டிரம்ஸும் அப்படியே. ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கேட்காமல் வாசித்ததுதான் கோளாறு. உயிருள்ள குழுவில் கிட்டார் அடர்த்தியாகப் போகும்போது பியானோக்காரர் தானாகவே கையை எடுத்துக்கொள்வார். குரல் நீண்ட ஸ்வரத்தில் நிற்கும்போது மற்றவர்கள் அடங்குவார்கள். மென்பொருள் ஒவ்வொரு பகுதியையும் கார்டு வரிசையைப் பார்த்தே உருவாக்குகிறது. பாடகி என்ன பாடப்போகிறார் என்பது அதற்குத் தெரியாது. அந்தக் காதை மிக்ஸிங் மேசையில் உட்காருபவர்தான் கொடுக்க வேண்டும்.

கொஞ்சம் பின்புலம் சொன்னால் மற்றவை எளிதில் விளங்கும். கார்டுகளைக் கொடுத்தால் குழு இசையைத் தரும் மென்பொருள்களில் பரவலாக அறியப்பட்ட பேண்ட்-இன்-எ-பாக்ஸ் 1990-இல் வெளிவந்தது. அப்போது எல்லாமே மிடி: எந்த ஸ்வரம், எப்போது, எவ்வளவு அழுத்தமாக என்ற கட்டளைகள் மட்டும், ஒலியைத் தருவது சிந்தசைசர். 2007 முதல் அதில் உண்மையான கலைஞர்கள் வாசித்த பதிவுத் துண்டுகளும் வந்தன. அந்தத் துண்டுகளைப் பாடலின் சுருதிக்கும் வேகத்துக்கும் ஏற்ப வெட்டி ஒட்டித் தருவது இன்று பல மென்பொருள்களின் வழக்கம். நம் பாடலில் இரண்டும் கலந்திருந்தன. டிரம்ஸ், பேஸ், கிட்டார் ஆகியவை பதிவுத் துண்டுகள். பியானோவும் ஸ்ட்ரிங்ஸும் மிடி. இந்தக் கலப்பே பல சிக்கல்களுக்குத் தாய்.

தனித்தனிக் கோப்புகள்

பாடகி முதலில் அனுப்பியது எல்லாம் சேர்ந்த ஒரே ஸ்டீரியோ கோப்பு. அதில் வேலை தொடங்காமல், ஒவ்வொரு வாத்தியத்தையும் தனி வேவ் கோப்பாகவும், பியானோவுக்கும் ஸ்ட்ரிங்ஸுக்கும் மிடி கோப்பையும் சேர்த்தும் கேட்டேன். எல்லாக் கோப்புகளும் ஒரே தொடக்கப் புள்ளியிலிருந்து இருக்க வேண்டும், 24 பிட்டில் இருக்க வேண்டும், மென்பொருள் தானாகப் பூசும் ரிவர்பும் (அறையின் எதிரொலி போன்ற விளைவு) கோரஸும் (ஒலியைப் பலவாகத் தடிக்கச் செய்யும் விளைவு) அணைக்கப்பட்டிருக்க வேண்டும். கடைசி நிபந்தனையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஒலியோடு ஒட்டிவிட்ட ரிவர்பைப் பிறகு பிரிப்பது பெரும்பாடு.

ஸ்டீரியோ கோப்பு மட்டுமே கிடைக்கும் நிலையும் வருவதுண்டு. வாத்தியங்களைப் பிரித்தெடுக்கும் கருவிகள் இன்று இருக்கின்றன என்றாலும், சிம்பலின் வால்பகுதியிலும் கிட்டாரின் மேல் அதிர்வெண்களிலும் அவை நீர்க்குமிழி போன்ற ஒரு சிதைவை விட்டுச்செல்கின்றன. மென்பொருளின் மூலக்கோப்பு கையிலிருக்கும்போது அந்த வழிக்குப் போவதில் அர்த்தமில்லை.

நீக்கிய பிறகே சேர்த்தல்

முதல் வேலையாக எல்லா ஃபேடர்களையும் (ஒலியளவை ஏற்றி இறக்கும் தள்ளுவிசைகள்) இறக்கிவிட்டு, பாடகியின் குரலை மட்டும் ஏற்றினேன். ஒலியை மாற்றும் துணை மென்பொருளான பிளக்-இன் எதுவும் இல்லை, எல்லாம் மோனோவில், அதாவது இட-வலப் பிரிவில்லாமல். குரலுக்கு அடுத்ததாக ஒவ்வொரு வாத்தியத்தையும் உள்ளே விட்டு, "இது வந்ததால் பாட்டுக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டுக்கொண்டே போனேன். டிரம்ஸில் தொடங்கிக் கடைசியில் குரலைச் சேர்ப்பது பலருடைய வழக்கம். குரலுக்கான பின்னணியில் அந்த வரிசை சரிவராது என்பது என் உறுதியான கருத்து. மற்ற எல்லாரும் இடம் பிடித்துவிட்ட பிறகு குரலுக்கு மிச்சம்தான் கிடைக்கும்.

பியானோ வந்ததும் குழப்பம் தொடங்கியது. இடதுகை, கார்டின் மூல ஸ்வரத்தை ஒவ்வொரு தாளச் சுற்றிலும் அழுத்திக்கொண்டிருந்தது. ஈ மைனர் கார்டு வரும்போது அது வாசித்த ஈ 82.4 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த தந்தி தரும் ஈ 41.2 ஹெர்ட்ஸ், அதன் இரண்டாவது ஒத்திசை (அடிப்படை அதிர்வெண்ணின் இரண்டு மடங்கு) அதே 82.4. அக்கூஸ்டிக் கிட்டாரின் ஆறாவது தந்தியும் 82.4. ஆக, ஒரே புள்ளியில் மூன்று வாத்தியங்கள். இதை ஈக்யூவால் (ஒலியின் குறிப்பிட்ட அதிர்வெண்களை மட்டும் ஏற்றி இறக்கும் கருவி) பாகம் பிரிக்கலாம்தான். ஆனால் நல்ல பியானோக் கலைஞர் ஒருவர் பேஸ் கிட்டாருடன் உட்கார்ந்தால் அந்த ஸ்வரங்களை வாசிக்கவே மாட்டார். ஆகவே மிடியில் நடு சி-க்குக் கீழிருந்த பியானோ ஸ்வரங்களை ஏறக்குறைய முழுவதுமாக நீக்கினேன். கடைசிப் பல்லவியில் மட்டும் சிலவற்றை விட்டுவைத்தேன்.

அடுத்தது இன்னும் பெரிய வெட்டு. முதல் சரணத்தில் பியானோ முற்றிலும் போனது. ஸ்ட்ரிங்ஸ் முதல் இடையிசை வரை வாய் திறக்கவில்லை. டிரம்ஸ் முதல் பல்லவியின் பாதிக்குமேல்தான் நுழைகிறது. அதற்கு முன்பு கிட்டாரும் குரலும் மட்டுமே. ஒரு பிளக்-இன்னைக்கூடத் திறக்காத இந்த நிலையிலேயே பாடலுக்கு ஒரு வடிவம் வந்துவிட்டது. பாணியைத் தேர்ந்தெடுத்தால் முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை எல்லாரும் வாசிப்பதுதான் இத்தகைய மென்பொருளின் இயல்பு. கேட்பவரின் காது ஒரு நிமிடத்தில் சலித்துப்போவதற்கு அதுவே முதல் காரணம்.

ஒரு ஸ்வரத்தின் உரசல்

இந்தப் பாடலில் என்னை அதிகம் நிறுத்திய இடம் பல்லவியின் இரண்டாவது வரி. கார்டு சி. குரல் பி ஸ்வரத்தில் ஏறி இரண்டு தட்டுக்கும் மேலாக நிற்கிறது. அழகான இடம், பாடலின் உயிரே அங்குதான். ஆனால் ஒவ்வொரு முறையும் அங்கே குரல் சற்றுச் சுருதி விலகியதுபோல ஒலித்தது. குரலைத் தனியாகக் கேட்டால் துளியும் பிசகில்லை.

ஸ்ட்ரிங்ஸைத் திறந்து பார்த்தபோது காரணம் தெரிந்தது. தட்டச்சு செய்யப்பட்ட கார்டு வெறும் சி என்பதால், மென்பொருள் ஸ்ட்ரிங்ஸின் மேல்ஸ்வரமாக சி-யை வைத்திருந்தது. அது 523.3 ஹெர்ட்ஸ், குரலின் பி 493.9 ஹெர்ட்ஸ். அரைச் சுர இடைவெளியில், ஏறத்தாழ 29 ஹெர்ட்ஸ் வித்தியாசத்தில், இரண்டு நீண்ட ஒலிகள் உரசிக்கொண்டிருந்தன. காதுக்கு அது கரகரப்பாகக் கேட்கும், பழி குரலின் மேல் விழும்.

ஈக்யூவில் எவ்வளவு தேடினாலும் இதற்கு மருந்து கிடைக்காது. மேலிருந்த சி-யை ஒரு ஸ்தாயி கீழே இறக்கி, ஜி-யை மேல்ஸ்வரமாக விட்டேன். கார்டு மாறவில்லை, குரலும் மாறவில்லை. உரசல் மட்டும் மறைந்து, அதே பி இப்போது ஏக்கமாக ஒலித்தது. மென்பொருளில் கார்டை சி மேஜர் செவன்த் என்று மாற்றி மீண்டும் உருவாக்கச் சொல்வதும் ஒரு வழி. அப்படிச் செய்தால் கிட்டார் துண்டுகளும் மாறிவிடும் என்பதால் கையால் நகர்த்தினேன். பாடல் முழுக்கக் குரலின் நீண்ட ஸ்வரங்களை இப்படியே ஸ்ட்ரிங்ஸோடும் பியானோவோடும் ஒப்பிட்டுப் பார்த்தேன். மேலும் சில இடங்கள் அகப்பட்டன. மிக்ஸிங் என்றதும் அதிர்வெண் வரைபடத்தை உற்றுப் பார்ப்பவர்கள், அதற்கு முன் ஸ்வரங்களைப் பார்த்துவிடுவது நல்லது.

லயமும் அழுத்தமும்

டிரம்ஸ் மனிதர் வாசித்த பதிவு. அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஸ்நேர் (பளிச்சென்று ஒலிக்கும் சிறு டிரம்) அடி, திரையில் தட்டுகளைக் குறிக்கும் கட்டத்தின் கோட்டுக்குச் சுமார் 10 மில்லிசெகண்ட் பின்னால் விழுவது தெரிந்தது. அந்த வாத்தியக்காரரின் சாய்மானம் அது; அதுதான் பாடலுக்கு நிதானத்தைத் தருகிறது. மிடி பியானோவோ கோட்டின் மேல் அச்சு அசலாக நிற்கிறது. விளைவு, பியானோ எப்போதும் டிரம்ஸை முந்திக்கொண்டு அவசரப்படுகிறது.

மிடியில் ஓர் ஒழுங்கற்ற சிதறலைச் சேர்க்கும் பொத்தான் பல மென்பொருள்களில் உண்டு. நான் அதைத் தொடவில்லை. மனிதர் வாசிப்பில் வரும் விலகல் தற்செயலானதல்ல. ஒரு குறிப்பிட்ட தட்டைத் தள்ளிப் போடுவதும், வரியின் முடிவில் இழுப்பதும், மீண்டும் பிடித்துக்கொள்வதுமாக அதற்கென்று ஒரு போக்கு இருக்கிறது. சிதறலைச் சேர்த்தால் தடுமாற்றம்தான் கிடைக்கும். எனவே பியானோ டிராக் முழுவதையும் ஸ்நேரோடு சேரும்படி பின்னுக்கு நகர்த்தினேன். 84 வேகத்தில் ஒரு தட்டு 714 மில்லிசெகண்ட். தட்டுக்கு 480 பங்கு என்ற கணக்கில் 10 மில்லிசெகண்ட் என்பது ஏழு பங்கு. இவ்வளவு சிறிய நகர்வில் பியானோவும் டிரம்ஸும் ஒரே அறைக்கு வந்து சேர்ந்தன.

வெலாசிட்டி எனப்படும் அழுத்த அளவு மிடியில் 127 வரை போகும். பியானோ ஸ்வரங்கள் எல்லாமே 90-ஐ ஒட்டியே இருந்தன. பியானோ கனமாக இருக்கிறது என்று ஃபேடரை இறக்கினால் கனமாக வாசித்த பியானோ தூரத்தில் கேட்கும், அவ்வளவுதான். அடுக்கடுக்காகப் பதிவு செய்யப்பட்ட பியானோ ஒலிகளில் வெலாசிட்டி குறைந்தால் ஒலியின் நிறமே மாறும். மென்மையாகத் தொட்ட பதிவு ஒலிக்கத் தொடங்கும். இரண்டாம் சரணத்தில் 55 முதல் 70 வரை இறக்கி, கார்டின் மேல்ஸ்வரத்தை மட்டும் உள்ஸ்வரங்களைவிடச் சற்று அழுத்தமாக வைத்தேன். பிறகு ஃபேடரை ஏற்ற வேண்டியிருந்தது. மெதுவாக வாசித்த பியானோ அருகில் கேட்பது எவ்வளவு இதமாக இருக்கிறது என்பதை இந்தத் துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்.

பதிவுத் துண்டுகளுக்கு வேறு வகைக் கவனிப்பு தேவைப்பட்டது. கிட்டாரில் இரண்டு துண்டுகள் சேரும் இடங்களில் தந்தியின் அதிர்வு பாதியில் அறுபட்டது. அங்கெல்லாம் முன்துண்டின் வாலை நீட்டி, 15 மில்லிசெகண்ட் அளவுக்கு ஒன்றன்மேல் ஒன்றாகக் கரைத்தேன். டிரம்ஸில் எட்டு தாளச் சுற்றுக்கு ஒருமுறை ஒரே உருட்டல் திரும்பத் திரும்ப வந்தது. பாடகியிடம் அதே பாணியில் டிரம்ஸை மட்டும் மீண்டும் மீண்டும் உருவாக்கி அனுப்பச் சொன்னேன். ஒவ்வொரு முறையும் மென்பொருள் வேறு துண்டுகளை எடுக்கும். நல்லவற்றைப் பொறுக்கிக் கோத்ததில், ஒரே டிரம்மர் பாடல் முழுதும் யோசித்து வாசித்ததுபோல அமைந்தது.

ஈக்யூவும் கம்ப்ரஸரும்

ஸ்வரங்களும் லயமும் சீரான பின் ஈக்யூவுக்கு அதிக வேலை இருக்கவில்லை. கிட்டாரில் 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே மெல்லச் சரித்தேன். பாடகியின் சொற்கள் தெளிவு பெறும் 3 கிலோஹெர்ட்ஸ் வட்டாரத்தில் கிட்டாருக்கு அகலமான ஒரு பள்ளம், 2 டெசிபெல் ஆழம். 300 ஹெர்ட்ஸ் சுற்றுப்புறத்தைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். எந்த ஒரு வாத்தியத்தைத் தனியாகக் கேட்டாலும் அங்கே குறை தெரியாது. ஐந்தும் சேரும்போது கலங்கல் அங்குதான் தேங்குகிறது. கிட்டாரிலும் பியானோவிலும் ஸ்ட்ரிங்ஸிலும் ஆளுக்குக் கொஞ்சமாகக் குறைத்தேன். அதையும் எல்லாம் சேர்ந்து ஒலிக்கும்போதே செய்தேன். தனியாகக் கேட்டு அழகாக்கிய கிட்டார் கூட்டத்தில் இடையூறாகத்தான் முடியும்.

டிரம்ஸ் ஒரே ஸ்டீரியோ கோப்பாக வந்ததால் கிக்கை (காலால் அடிக்கும் பெரிய டிரம்) தனியே தொட முடியவில்லை. கிக்கின் திரட்சி 60 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தது. அந்த உயரத்தில் டிரம்ஸில் வேறெதுவும் இல்லை. எனவே பேஸ் கிட்டாரில் 60-ஐச் சற்று இறக்கி வழிவிட்டதோடு நிறுத்திக்கொண்டேன். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் முற்றாகக் காணாமல் போனது வேறு பிரச்சினை. 41 ஹெர்ட்ஸை அந்தக் கருவியால் எழுப்பவே முடியாது. பேஸுக்கு இலேசான சாச்சுரேஷன் (ஒத்திசைகளைக் கூட்டும் மெல்லிய சிதைவு) சேர்த்தபோது 124, 165, 206 ஹெர்ட்ஸ் ஒத்திசைகள் வலுத்தன. அடிப்படை ஒலி இல்லாவிட்டாலும் ஒத்திசைகளை வைத்து மூளை அதை ஊகித்துக்கொள்ளும். கைப்பேசியில் பேஸ் திரும்பக் கிடைத்தது.

சத்தமான இடங்களை அடக்கும் கம்ப்ரஸரை பேஸுக்கு மட்டும் போட்டேன்: 30 மில்லிசெகண்ட் தாக்கம் (அடக்கத் தொடங்க எடுக்கும் நேரம்), மூன்று டெசிபெல் அளவுக்கு அடக்கம். ஆயத்தத் துண்டுகள் பெரும்பாலும் பதிவின்போதே அழுத்தப்பட்டவை. அவற்றின் மேல் மீண்டும் கம்ப்ரஸரை அடுக்கினால் இருக்கும் கொஞ்ச மூச்சும் நின்றுவிடும்.

ஒரே அறையில் உட்காரவைத்தல்

கிட்டார் பதிவில் ஒரு சிறிய அறையின் ஓசை ஒட்டியிருந்தது. ஸ்ட்ரிங்ஸ் ஒலிக்குள் பெரிய அரங்கின் நெடிய வால். பியானோ வறண்டு கிடந்தது. அதாவது மூன்று பேரும் மூன்று கட்டடங்களில் இருந்தார்கள். ஸ்ட்ரிங்ஸின் உள்ளமைந்த அரங்கொலியை அணைத்துவிட்டு, 0.7 நொடி நீளமுள்ள ஓர் அறை ரிவர்புக்கு எல்லா வாத்தியங்களையும் சிறிதளவு அனுப்பினேன். வறண்ட பியானோவுக்கு அதிகம், கிட்டாருக்கு மிகக் குறைவு. குரலுக்குத் தனியாக ஒரு பிளேட் ரிவர்ப், 30 மில்லிசெகண்ட் முன்தாமதத்துடன். அந்தச் சிறு இடைவெளியால் சொல் முதலில் தெளிவாக வந்துசேரும், ரிவர்ப் பின்தொடரும். இரண்டு ரிவர்புகளிலும் 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டேன்.

இட-வலப் பரப்பில் ஐந்து வாத்தியங்களும் முழு அகலத்துக்கு விரிந்து கிடந்தன. எல்லாரும் அகலமாக இருந்தால் யாருமே அகலமாகத் தெரிய மாட்டார்கள். பியானோவைச் சுருக்கி இடப்பக்கம் பாதி தூரத்திலும், கிட்டாரை அதே அளவு வலப்பக்கத்திலும் வைத்தேன். ஸ்ட்ரிங்ஸ் மட்டும் விரிந்திருக்கிறது. அதுவும் இடையிசையிலிருந்துதான் வருவதால், அது நுழையும்போது பாடலே கதவு திறப்பதுபோல அகலமாகிறது. ஒரு பக்கத்தைச் சில மில்லிசெகண்ட் தாமதித்து அகலப்படுத்தும் உத்தியைத் தவிர்த்தேன். 15 மில்லிசெகண்ட் தாமதம் மோனோவில் சேரும்போது 33, 100, 167 ஹெர்ட்ஸ் என்று வரிசையாகக் குழிகள் விழும். ஒலி உள்ளீடற்றுப் போகும்.

ஃபேடர் ஓட்டம்

எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதி இதற்கே போனது, போகவும் வேண்டும். மென்பொருள் தந்த பின்னணியில் ஏற்ற இறக்கம் கிடையாது. சரணத்தின் கடைசி வரியில் கிட்டார் ஒன்றரை டெசிபெல் ஏறுகிறது. பல்லவியின் முதல் சொல்லுக்கு முன் சட்டென்று இறங்கி வழிவிடுகிறது. குரல் மூச்செடுக்கும் இடைவெளிகளில் பியானோவின் பதில் வரி ஒரு டெசிபெல் மேலே வருகிறது. பல்லவியில் அந்த பி ஸ்வரம் நீளும்போது டிரம்ஸைத் தவிர எல்லாமே கொஞ்சம் பின்வாங்குகின்றன. ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் அற்பமான நகர்வு. சேர்ந்து கேட்டால், குரலைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் குழுவாக அது மாறியிருந்தது.

பழைய வடிவத்தையும் புதியதையும் ஒப்பிடும்போது இரண்டின் உரப்பையும் சமப்படுத்திய பின்பே பாடகிக்குக் கேட்கக் கொடுத்தேன். உரப்பு கூடினால் அடிநாதமும் மேல்நாதமும் அதிகமாகக் கேட்கும் என்பதை ஒலியியல் ஆய்வாளர்கள் ஃபிளெச்சரும் மன்சனும் 1933-லேயே வரைபடமாகத் தந்துவிட்டார்கள். சமப்படுத்தாத ஒப்பீட்டில் சத்தமானது எப்போதும் ஜெயிக்கும். அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது.

பாடகி கேட்டுவிட்டு முதலில் சொன்னது பின்னணியைப் பற்றியே அல்ல: "நான் ஏன் இவ்வளவு கத்திப் பாடியிருக்கிறேன்?" பழைய பின்னணியின் அடர்த்தியோடு போட்டியிட்டுப் பதிவான குரல் அது. புதிய பின்னணிக்கு அவர் மீண்டும் பாடினார். சரணத்தில் குரல் பேச்சுக்கு நெருக்கமாக இறங்கியது. அதன் பிறகு 3 கிலோஹெர்ட்ஸில் கிட்டாருக்குப் போட்டிருந்த பள்ளத்தைப் பாதியாகக் குறைத்துவிட முடிந்தது.

சரியாகாதவையும் உண்டு. டிரம்ஸின் ஹை-ஹாட் (ஒன்றோடொன்று மோதும் சிறு சிம்பல் ஜோடி) சற்றுக் கடுமையாகவே இருக்கிறது. ஒரே கோப்பில் ஸ்நேரோடு கலந்திருப்பதால் மேலும் அடக்கினால் ஸ்நேரின் பளிச்சென்ற முனை மழுங்குகிறது. கிட்டார்க்காரரின் விரல் தந்தியில் வழுக்கும் ஓசை அதே துண்டு வரும் இடமெல்லாம் திரும்ப வந்தது. சிலவற்றைத் துடைத்தேன், ஒன்றிரண்டை இருக்கட்டும் என்று விட்டேன்.

இறுதியில் இரண்டு வடிவங்கள் கொடுத்தேன். இணையத்தில் வெளியிடக் குரலோடு கூடியது: உரப்பு மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சராசரி உரப்பின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபெல். ஸ்பாட்டிஃபை இசைச் செயலி இயல்பாக ஒலிக்கவிடும் அளவும் அந்த மைனஸ் 14 என்பதால் அதற்கு மேல் நெருக்கிப் பயனில்லை. மற்றொன்று மேடையில் பாடுவதற்கான குரலற்ற பின்னணி. அதில் உச்சங்களை வெட்டி அடக்கும் லிமிட்டர் இல்லை. அரங்கம் தன் எதிரொலியைத் தானே சேர்த்துக்கொள்ளும் என்பதால் ரிவர்ப் பாதிக்கும் குறைவு. ஓரத்தில் அமர்ந்திருப்பவர்களுக்கு ஒரு பக்க ஒலிபெருக்கி மட்டுமே கேட்கக்கூடும் என்பதால் பியானோவும் கிட்டாரும் நடுவுக்கு நெருங்கி வந்திருக்கின்றன. முதல் பல்லவியில் டிரம்ஸ் இல்லாத பகுதிக்கு மிக மெல்லிய ஹை-ஹாட் தட்டு ஒன்றைச் சேர்த்திருக்கிறேன், மேடையில் பாடகி தாளத்தைப் பிடித்துக்கொள்வதற்காக.